சாட்சி சொன்ன செல்போன்!

இளையரசனேந்தலில் ஒரு காதுகுத்து விழா என்று வைத்துக் கொள்வோம். முன்பெல்லாம் படம் எடுக்க வேண்டுமானால் கோவில்பட்டியில் இருந்தோ, சங்கரன்கோவிலில் இருந்தோ போட்டோக்காரர் வர வேண்டும். படம் கைக்கு வரப் பல நாள் ஆகும்.

இப்போது? தாய்மாமன் மடியில் குழந்தை "வீல்" என்று கத்துகிறது. சித்தி, அத்தை, பாட்டி எல்லாருமே செல்போனை நீட்டுகிறார்கள்!

செல்போனுக்கு இந்தக் "கண்" எப்படி வந்தது? அதற்கும் ஒரு குழந்தைதான் காரணம்.

பிரசவ அறையில்...

1997-ம் ஆண்டு, ஜூன் 11-ந் தேதி. அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த பிலிப் கான் என்பவரின் மனைவிக்குப் பிரசவ வலி. கணவர் பக்கத்தில் அமர்ந்து ஆறுதல் சொன்னாரா? அவர் ஒரு கேமராவையும், மடிக்கணினியையும், செல்போனையும் ஒயரால் இணைத்துக் கொண்டிருந்தார்!

பெண் குழந்தை பிறந்தது. அதன் படம் உடனே 2 ஆயிரம் பேருக்குப் போய்ச் சேர்ந்தது.

2000-ம் ஆண்டில் ஜப்பானின் ஷார்ப் கம்பெனி, கேமரா வைத்த செல்போனை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் படத்தில் 1 லட்சத்து 10 ஆயிரம் புள்ளிகள். இன்றைய "4 கே" வீடியோவில், ஒவ்வொரு படத்திலும் சுமார் 83 லட்சம் புள்ளிகள். விநாடிக்கு 30 அல்லது 60 படங்கள். புள்ளி கூடினால் முகம் தெளிவாகத் தெரியும்.

ஒளிந்திருந்து எடுத்த படம்

2025-ம் ஆண்டு ஜூன் மாதம். சிவகங்கை மாவட்டம் மடப்புரம் பத்ரகாளியம்மன் கோவிலில், காரில் இருந்த நகை காணோம் என்று ஒரு பக்தர் புகார் செய்தார். கோவில் காவலாளியைப் போலீசார் பிடித்து விசாரித்தார்கள்.

28-ந் தேதி அவர் பிணமானார். உடலில் 40-க்கு மேற்பட்ட காயங்கள்.

அவரைக் கம்பால் அடிக்கும் காட்சியை, கழிவறைக்குள் ஒளிந்திருந்து ஒருவர் செல்போனில் எடுத்திருந்தார். அப்போது அவர் நெஞ்சு எப்படித் துடித்திருக்கும்!

அந்த வீடியோ மதுரை ஐகோர்ட்டுக்குப் போயிற்று. 5 போலீசார் கைதானார்கள். வழக்கு சி.பி.ஐ. கைக்கு மாறியது. படம் எடுத்தவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிட்டது.

போலீசாரும் எடுக்க வேண்டும்

உங்கள் வீட்டைப் போலீசார் சோதனை போட வந்தால், அதை அவர்களே வீடியோ எடுக்க வேண்டும். "செல்போனில் எடுப்பது விரும்பத்தக்கது" என்கிறது சட்டம். 2024 ஜூலை 1-ந் தேதி முதல் இது நடைமுறையில் உள்ளது. எடுத்த வீடியோவைத் தாமதம் இன்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பியாக வேண்டும். பலருக்கு இது தெரியாது!

ஆனால் ஒன்று. பெண்கள் குளிப்பதையும், உடை மாற்றுவதையும் திருட்டுத்தனமாகப் படம் எடுத்தால், முதல் தடவையே குறைந்தது 1 ஆண்டு ஜெயில்.

வீடியோவைக் கோர்ட்டில் காட்டும்போது, எந்தச் செல்போனில் எடுத்தது என்று சான்று கேட்பார்கள். ஆகவே முக்கியமான காட்சி எதையாவது எடுத்தால் அதை வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள். அழிக்கவும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கி, தெளிவு குறைந்து விடலாம். எடுத்த செல்போனை விற்று விடாமல் பத்திரமாக வைத்திருங்கள்.