சுட்டவன் யார்? முதல் காட்சியிலேயே தெரியும்! ஏன் சுட்டான்? கடைசியில்தான் தெரியும்!

டெடி என்ற ஆசாமியை லெனார்டு சுட்டுக் கொல்கிறான். படம் தொடங்கியதுமே கொலை முடிந்து விடுகிறது! "எதுக்குடா சுட்டான்?" என்று தெரிய கடைசிக் காட்சி வரை உட்கார வேண்டும்.

2000-ம் ஆண்டு வெனிஸ் பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட "மெமென்டோ" படம்தான் இது. டைரக்டர் கிறிஸ்டோபர் நோலன். லெனார்டாக நடித்தவர் கை பியர்ஸ்.

உடம்பெல்லாம் துப்பு

லெனார்டு அமெரிக்காவில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விசாரணை செய்து வந்தவன். வீடு புகுந்த கும்பல் மனைவியைத் தாக்கியது. தடுக்கப் போன லெனார்டுக்கு மண்டையில் பலத்த அடி. அதற்கு முந்தைய சங்கதி எல்லாம் நினைவிருக்கிறது. புதிதாக எதுவும் சில நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை.

மனைவியைக் கொன்றவனைப் பழிவாங்கத் துடிக்கிறான். ஆட்களை போட்டோ எடுத்து அதிலேயே குறிப்பு எழுதுகிறான். முக்கியத் துப்புகளை உடம்பில் பச்சை குத்திக் கொள்கிறான்.

இது வெறும் சினிமாக் கதை அல்ல. அமெரிக்காவில் 1953-ல் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது வாலிபருக்கு வலிப்பு நோய்க்காக மூளையில் ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு புது ஞாபகம் எதுவும் தங்கவில்லை. 2008-ல் இறக்கும் வரை அப்படியே வாழ்ந்தார்.

பேனாவை ஒளித்த பெண்

பலவீனம் தெரிந்தால் சும்மா விடுவார்களா? நடாலி என்ற பெண் வீட்டில் உள்ள பேனாக்களை எல்லாம் எடுத்து ஒளிக்கிறாள். பிறகு வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள். லெனார்டு அறைந்து விடுகிறான். அவள் வெளியே போய் காரில் உட்காருகிறாள். எழுதி வைக்க பேனா தேடி அலைகிறான் லெனார்டு. கிடைக்கவில்லை. எல்லாம் மறந்து போச்சு! திரும்பி வந்தவள், வேறொருவன் அடித்து விட்டதாக அழுகிறாள். அந்த ஆளைத் தேடி லெனார்டே கிளம்புகிறான்!

கதை பின்னால் ஓடுகிறது

கலர் காட்சிகள் பின்னோக்கிப் போகின்றன. இடையிடையே கறுப்பு-வெள்ளைக் காட்சிகள் முன்னோக்கி வருகின்றன. முடிவில் இரண்டும் சேர்கின்றன. சற்று முன் என்ன நடந்தது என்று லெனார்டுக்கும் தெரியாது. டிக்கெட் வாங்கியவருக்கும் தெரியாது!

ஞாபக மறதி, போட்டோ, பச்சை குத்துதல் எல்லாம் 2005-ல் சூர்யா நடித்த "கஜினி"யிலும் உண்டு. ஆனால் அதில் கதாநாயகன் தேடியது நிஜ வில்லனை. இங்கே விவகாரமே வேறு.

எழுதியது யார்?

கடைசியில் டெடி குட்டை உடைக்கிறான். மனைவியைத் தாக்கியவனை லெனார்டு எப்போதோ தீர்த்துக் கட்டி விட்டானாம். அதையும் மறந்து போனானாம்!

லெனார்டு கொதிக்கிறான். இதுவும் சில நிமிடத்தில் மறந்து விடும் என்று அவனுக்குத் தெரியும். டெடியின் பேச்சை நம்பாதே என்று அவன் போட்டோவில் எழுதுகிறான். டெடியின் கார் நம்பரையே குற்றவாளியின் கார் நம்பராகக் குறிக்கிறான். பச்சை குத்தும் கடைக்கு காரை விடுகிறான்.

பிறர் சொல்லை நம்பாமல் சொந்தக் கையெழுத்தை மட்டுமே நம்பியவன் அவன். முதல் காட்சியில் விழுந்த கொலைக்கு, அந்தக் கையெழுத்துதான் பொய் சாட்சி!