பிரின்டர் உங்களுடையது, மை யாருடையது?

அச்சு எடுக்கப் போகிறீர்கள். பிரின்டரின் சின்னத் திரையில் ஒரு எச்சரிக்கை வந்து நிற்கிறது: இந்தக் கார்ட்ரிட்ஜை ஏற்க முடியாது, கம்பெனியின் அசல் கார்ட்ரிட்ஜைப் போடவும். கார்ட்ரிட்ஜ் கெட்டுவிட்டது என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் உள்ளே மை இருக்கும். முனைகள் அடைத்திருக்காது. நேற்று வரை நன்றாக அச்சாகியிருக்கும். இடையில் இணையம் வழியாகப் பிரின்டருக்குள் ஒரு புதிய மென்பொருள் இறங்கி, வெளிக் கம்பெனி சிப் எது என்று பார்த்து அதைத் தடுத்திருக்கும்.

காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள் வந்து, அதில் எதைப் போடலாம் எதைப் போடக்கூடாது என்று சொல்லும் உரிமையை விற்றவருக்கு யார் கொடுத்தது? நூறு ஆண்டுக்கு மேலாக நீதிமன்றங்களில் கேட்கப்பட்டு வரும் கேள்வி இது. அந்த வழக்குகளில் பழைய ஒன்றும் மையைப் பற்றியதுதான்.

முதலில் அந்தச் சிப் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரு டோனர் கார்ட்ரிட்ஜைக் கையில் எடுத்தால், ஓரத்தில் விரல் நகத்தைவிடச் சிறிய பச்சைப் பலகை ஒன்று ஒட்டியிருக்கும். அதில் சில பொன்னிறப் பட்டைகள். பிரின்டருக்குள் நுழைத்ததும் அந்தப் பட்டைகள் அங்குள்ள முட்களைத் தொடும். நீ யார், உன் வரிசை எண் என்ன, இதுவரை எத்தனை பக்கம் ஓடியிருக்கிறாய் என்று பிரின்டர் கேட்கும், சிப் பதில் சொல்லும். மையின் அளவைக் காட்ட இது பயன்படுவது உண்மை. ஆனால் ரகசியச் சாவி ஒன்றை வைத்துப் பதிலைச் சரிபார்ப்பதற்கும் மையின் அளவுக்கும் சம்பந்தமில்லை. கார்ட்ரிட்ஜ் சொந்தக் கம்பெனியுடையதா என்று பார்க்கத்தான் அந்தச் சாவி. சிப் "காலி" என்று ஒருமுறை எழுதிக்கொண்டுவிட்டால், நீங்கள் பவுடரை நிரப்பினாலும் காலி என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ரீஃபில் கடையில் கார்ட்ரிட்ஜைப் பிரித்து, வேஸ்ட் பவுடரைக் கொட்டி, டிரம்மைத் துடைத்து, புது டோனர் நிரப்பிய பிறகு கடைசியாக "சிப்பும் மாத்தணும் சார்" என்று தனியாகக் காசு கேட்பது இதனால்தான்.

இனி காப்புரிமைக்கு வருவோம். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் அது எப்படி வேலை செய்கிறது என்று எல்லோரும் படிக்கும்படி எழுதித் தர வேண்டும். அதற்குப் பதிலாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் மற்றவர்கள் அதைச் செய்யாமல், விற்காமல் தடுக்கும் உரிமையை அரசு தருகிறது. நியாயமான ஏற்பாடு. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. ஒரு பொருளைக் கண்டுபிடிப்பாளரே விற்றுவிட்டால், அந்தக் குறிப்பிட்ட பொருளின் மேல் அவருக்கு இருந்த காப்புரிமை அதோடு தீர்ந்துபோகிறது. அதே பொருளை இன்னொருவர் புதிதாகச் செய்தால் தடுக்கலாம். தான் விற்றதை வாங்கியவர் பழுது பார்ப்பதையோ மறுபடி விற்பதையோ தடுக்க முடியாது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை 1873இல் ஒரு சவப்பெட்டி மூடியை முன்வைத்துச் சொன்னது. பாஸ்டன் நகரைச் சுற்றிப் பத்து மைலுக்குள் அந்த மூடியை விற்க ஒரு கம்பெனிக்கு உரிமை. அதற்கு வெளியே வேறொருவருக்கு. பாஸ்டன் கம்பெனியிடம் வாங்கிய மூடியை ஓர் இறுதிச் சடங்குக்காரர் 17 மைல் தள்ளியிருந்த ஊரில் பயன்படுத்தினார். வெளி எல்லை உரிமைக்காரர் வழக்குப் போட்டுத் தோற்றார். முறைப்படி விற்ற பொருளை வாங்கியவர் எங்கே கொண்டுபோகிறார் என்பதில் காப்புரிமைக்கு இடமில்லை என்றது நீதிமன்றம்.

அடுத்தது மை வழக்கு. நம் ஊர் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் கேள்வித்தாள் அடிக்க வைத்திருந்த சைக்ளோஸ்டைல் இயந்திரம் பலருக்கு நினைவிருக்கும். அந்த வகை இயந்திரம் ஒன்றை சிகாகோவின் ஏ.பி.டிக் கம்பெனி விற்றது. எங்கள் ஸ்டென்சில் தாளும் எங்கள் மையும் மட்டுமே போட வேண்டும் என்ற அறிவிப்பை இயந்திரத்தின் மேலேயே ஒட்டியிருந்தது. அதை வாங்கிய ஒரு பெண்ணுக்கு ஹென்றி என்ற வியாபாரி ஒரு டப்பா மையை விற்றார். அந்த மைக்குக் காப்புரிமை எதுவும் கிடையாது. இருந்தும் 1912இல் உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் கம்பெனி பக்கம் நின்றது. தலைமை நீதிபதி ஒயிட் மறுத்து எழுதினார். தீர்ப்பு பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. 1914இல் அமெரிக்க நாடாளுமன்றம் கிளேட்டன் சட்டத்தில், போட்டியைக் கெடுக்கும் வகையில் ஒரு பொருளோடு இன்னொன்றைக் கட்டி விற்பதற்குத் தடை விதித்தது. 1917இல், சினிமா புரொஜெக்டரில் எந்தப் படச்சுருளை ஓட்டலாம் என்று புரொஜெக்டர் கம்பெனி நிபந்தனை போட்ட வழக்கில், உச்ச நீதிமன்றமே தன் 1912 தீர்ப்பைத் தள்ளிவிட்டது.

நூறு ஆண்டு கழித்து மறுபடியும் மை. லெக்ஸ்மார்க் கம்பெனி தன் டோனர் கார்ட்ரிட்ஜ்களை இரண்டு விலையில் விற்றது. முழு விலை ஒன்று. ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்த விலை ஒன்று. குறைந்த விலைக்கு வாங்கினால் ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும், காலியானால் லெக்ஸ்மார்க்கிடம் தவிர வேறு யாரிடமும் கொடுக்கக்கூடாது. காலிப் பெட்டிகளை வாங்கிச் சிப்பை மாற்றி, டோனர் நிரப்பி விற்ற பல கம்பெனிகள் மேல் லெக்ஸ்மார்க் காப்புரிமை வழக்குத் தொடுத்தது. பெரும்பாலோர் சமரசத்துக்குப் போனார்கள். மேற்கு வர்ஜீனியாவின் இம்ப்ரெஷன் புராடக்ட்ஸ் என்ற சிறிய நிறுவனம் மட்டும் கடைசி வரை நின்றது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. 2017 மே 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் வென்றது.

தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதிய அந்தத் தீர்ப்பு, 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் வரை பின்னோக்கிப் போகிறது. விற்ற பொருளை இன்னாருக்கு விற்காதே என்று கட்டுப்படுத்துவது வணிகத்துக்கே விரோதம் என்பது அவ்வளவு பழைய கொள்கை. நீதிபதி ஒரு பழைய கார் பட்டறையையும் எடுத்துக்காட்டுகிறார். கார் முறையாக விற்கப்பட்டது என்பதால்தான் பட்டறைக்காரர் அதைப் பழுது பார்த்து விற்க முடிகிறது. அதிலுள்ள ஆயிரக்கணக்கான உதிரிபாகங்களைச் செய்த ஒவ்வொரு கம்பெனியும் விற்ற பிறகும் காப்புரிமையைக் கையில் வைத்திருந்தால் பட்டறை நடத்தவே முடியாது. வெளிநாட்டில் விற்ற கார்ட்ரிட்ஜுக்கும் இதே விதிதான் என்றது பெரும்பான்மை. அந்த ஒரு பகுதியில் மட்டும் நீதிபதி கின்ஸ்பெர்க் மாறுபட்டார்.

இந்தத் தீர்ப்பில் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. வாங்கியவரோடு போட்ட ஒப்பந்தத்தைக் காட்டி லெக்ஸ்மார்க் அவர்மேல் வழக்குப் போடலாம். காப்புரிமையைக் காட்டிப் போட முடியாது என்றுதான் நீதிமன்றம் சொன்னது. மூடப்பட்டது காப்புரிமை என்ற ஒரு வழி. ஒப்பந்தம், மென்பொருள் என்ற மற்ற வழிகள் திறந்தே இருந்தன, இருக்கின்றன.

மென்பொருள் வழியை லெக்ஸ்மார்க் அதற்கு முன்பே முயன்று பார்த்திருந்தது. திருட்டு சினிமாவையும் பாட்டையும் தடுப்பதற்காக 1998இல் வந்த அமெரிக்கச் சட்டம், டிஜிட்டல் பூட்டை உடைப்பதே குற்றம் என்கிறது. எங்கள் சிப்பில் உள்ள நிரலும் பதிப்புரிமை பெற்றதுதான், அதைப் போலச் செய்தது குற்றம் என்று ஸ்டாட்டிக் கன்ட்ரோல் என்ற கம்பெனி மேல் 2002இல் லெக்ஸ்மார்க் வழக்குப் போட்டது. சில பத்து பைட் நீளமே உள்ள நிரல் அது. கீழ் நீதிமன்றம் தடை விதித்தது. 2004இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. கலைஞர்களின் உழைப்பைக் காக்க வந்த ஒரு சட்டத்தை டோனர் பவுடர் வியாபாரத்துக்குக் காவலாக நிறுத்தப் பார்த்தார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கதையிலேயே மோசமான பகுதி இதுதான்.

எச்பி கம்பெனியும் மென்பொருள் வழியில் இறங்கியது. 2016 செப்டம்பர் 13 அன்று அதன் ஆபீஸ்ஜெட் பிரின்டர்கள் பல, அதுவரை ஓடிக்கொண்டிருந்த வெளிக் கார்ட்ரிட்ஜ்களை ஒரே நாளில் மறுத்தன. எதிர்ப்பு கிளம்பியதும், முன்கூட்டியே சரியாகத் தெரிவித்திருக்க வேண்டும் என்று கம்பெனி வருத்தம் தெரிவித்து, தடையை நீக்கும் மென்பொருளையும் வெளியிட்டது. அமெரிக்காவில் 2018இல் 15 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது. இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 டிசம்பரில் ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. இந்தக் கட்டுப்பாட்டை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் விற்றது அங்கே முக்கியக் குற்றச்சாட்டு.

கம்பெனிகளும் தங்கள் பக்க நியாயத்தைச் சொல்கின்றன. பிரின்டரை மலிவாகக் கொடுக்கிறோம், ஆராய்ச்சிக்கான செலவை மையில் எடுக்கிறோம் என்கின்றன. 2024 ஜனவரியில் எச்பி தலைவர் என்ரிகே லோரெஸ் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், வாடிக்கையாளர் பிரின்டர் வாங்குவது தங்களுக்கு ஒரு முதலீடு என்றும், அவர் தங்கள் மையைப் பயன்படுத்தாவிட்டால் அது மோசமான முதலீடு என்றும் பேசினார். ஒளிவுமறைவு இல்லாத பேச்சு. ஆனால் ரூபாய் கொடுத்துப் பொருள் வாங்குகிறவர், தான் யாருக்கோ முதலீடு ஆகப்போகிறோம் என்று தெரிந்து வாங்குவதில்லை. கம்பெனி போட்ட விலைக் கணக்கு தப்பினால் அதன் பாரத்தை வாங்கியவர் ஏன் சுமக்க வேண்டும்? பிரின்டருக்கு உரிய விலையைப் போட்டு, மையைச் சந்தையில் போட்டிக்கு விட்டுவிடலாமே.

அப்படி நடந்தும் இருக்கிறது. இந்தோனேசியாவில் கடைக்காரர்கள் எப்சன் பிரின்டருக்கு வெளியே மைத்தொட்டி வைத்து, குழாய் போட்டு, மலிவு மையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த எப்சன், 2010இல் தானே தொட்டி வைத்த பிரின்டரை அங்கே அறிமுகப்படுத்தியது. பிரின்டர் விலை கூடுதல், மை பாட்டில் மலிவு. இன்று நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் வீடுகளிலும் காணும் தொட்டி பிரின்டர்களுக்கு அதுதான் தொடக்கம்.

இந்தியச் சட்டம் இதில் நாம் நினைப்பதைவிடத் தெளிவாகவே இருக்கிறது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 140ஆம் பிரிவின்படி, காப்புரிமை பெற்ற பொருளை விற்கும்போது அதோடு வேறொரு பொருளையும் எங்களிடமே வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை சேர்ப்பது செல்லாது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 65ஏ பிரிவும், பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் குற்றம் என்கிறது. உங்கள் கார்ட்ரிட்ஜில் டோனர் நிரப்புவதில் அந்த நோக்கம் எங்கே இருக்கிறது?

பழுது பார்க்கும் உரிமையில் நமக்கு முக்கியமான ஆணை கார்களைப் பற்றியது. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் கொடுத்த புகாரில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களை வெளிச் சந்தைக்கு விடாமல் வைத்திருந்ததுதான் குற்றம். வெளிப் பட்டறையில் காட்டினால் வாரன்டி போய்விடும் என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக்கூடாது. வெளி வேலையால் எந்தச் சேதம் வந்ததோ அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் ஆணையம் சொன்னது. 2016இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சில கம்பெனிகளின் அபராதத் தொகையைக் குறைத்தது; ஆனால் அவை செய்தது தவறு என்ற முடிவை மாற்றவில்லை. ஆணை கார்களுக்கானது என்றாலும், அதன் நியாயம் பிரின்டருக்கும் கைப்பேசிக்கும் வாஷிங் மெஷினுக்கும் அப்படியே பொருந்துகிறது. வெளி மை போட்டதற்காக மின்சுற்று எரிந்தது என்று சொல்லி வாரன்டியை மறுக்கிறவரிடம், இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று எழுத்தில் கேட்கலாம்.

மற்றபடி இங்கே வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, பழுது பார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. அந்தத் தளம் தகவல் தரும், யாரையும் கட்டாயப்படுத்தாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் போட்ட சட்டம், பழுது பார்ப்பதை மென்பொருளாலோ வன்பொருளாலோ தடுக்கக்கூடாது என்கிறது. அங்கேயும் அந்தப் பொருள் பட்டியலில் பிரின்டர் இல்லை.

கம்பெனிகள் இப்போது சந்தா முறைக்கு நகர்கின்றன. மாதம் இவ்வளவு பக்கம், இவ்வளவு பணம்; கார்ட்ரிட்ஜ் வீட்டுக்கே வரும். சந்தாவை நிறுத்தினால், மை மீதமிருந்தாலும் அந்தக் கார்ட்ரிட்ஜ் வேலை செய்யாது. விற்றால் உரிமை தீர்ந்துபோகிறது என்பதால் விற்காமலே இருக்கும் வழி இது. 1873இலிருந்து கட்டி வந்த பாதுகாப்பு முழுவதும் "விற்பனை" என்பதன் மேல் நிற்கிறது. விற்பனையே இல்லையென்றால் அதற்குப் பிடிமானம் இல்லை. அடுத்த சட்டம் இந்த இடத்தைத் தொட்டாக வேண்டும்.

வாங்கும்போது பிரின்டர் விலையோடு நிறுத்தாமல், ஒரு கார்ட்ரிட்ஜ் எத்தனை பக்கம் தரும் என்று ஐ.எஸ்.ஓ. தரப்படி அறிவித்திருப்பதைப் பார்த்து ஒரு பக்கத்துக்கான செலவைக் கணக்கிடுங்கள். அட்டைப்பெட்டியில், வெளிச் சிப் உள்ள கார்ட்ரிட்ஜ் வேலை செய்யாமல் போகலாம் என்ற பொருளில் சிறிய எழுத்தில் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். ஓடிக்கொண்டிருந்த கார்ட்ரிட்ஜ் மென்பொருள் மாற்றத்தால் நின்றுபோனால், திரையில் வந்த செய்தியைத் தேதியோடு படம் எடுத்து, பில்லோடு வைத்துக்கொண்டு, கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஒப்பந்த நிபந்தனையே அநியாயமானது என்று வாதிடுவதானால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அந்தப் புகாரை மாவட்ட ஆணையத்தில் கொடுக்க முடியாது. மாநில ஆணையத்தில் கொடுக்க வேண்டும்.