இரண்டாவது அபிப்பிராயம்

விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் ரயிலில், 2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின் பிழைப்பைத் தேடித் தினந்தோறும் நெடுந்தூரம் பிரயாணம் செய்யும் கோலார் தங்கவயல் ஜனங்களுக்கு நடுவே, பழைய மருந்துச் சீட்டுகளை மஞ்சள் பையில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு இரண்டாவது அபிப்பிராயம் கேட்க நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போகிற தாய்மார்களும் உண்டு.

அவர்கள் முதல் வைத்தியரை அவமதிக்கிறார்கள் என்று எண்ணுவது பெரும் பிழை. மனோவியாதியை நிச்சயமாகக் காட்டும் ரத்தப் பரீட்சை கிடையாது. நோயாளியின் பேச்சையும் உறக்கத்தையும் வீட்டார் கூறும் விருத்தாந்தத்தையும் கொண்டே வைத்தியர் முடிவுக்கு வரவேண்டியிருப்பதால், சொல்லாமல் விட்ட ஒரு செய்தி நோயின் பெயரையே மாற்றிவிடக்கூடும். என்றோ ஒரு பருவத்தில் உறக்கமின்றி, கட்டுக்கடங்காத உற்சாகத்தோடு கைப்பணத்தை வாரியிறைத்தவர், சோர்ந்து கிடக்கும் வேளையில் மட்டும் வைத்தியரைக் கண்டால், அவருடைய இருமுனைக் கோளாறு வெறும் மனச்சோர்வாகவே தோன்றும். சோர்வுக்குரிய மருந்தைத் தனியே கொடுத்தால் சிலருக்கு உன்மத்தம் கிளர்ந்தெழும். தைராய்டு சுரப்பு குன்றினாலும் இதே சோர்வு உண்டாகும். அந்தச் சுரப்புக் குறைவை ரத்தப் பரீட்சை காட்டிவிடும்.

2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், தம் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டுப் பெறும் உரிமையை நோயாளிக்கு அளித்திருக்கிறது; ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள். உண்ட மருந்துகளின் பெயரையும் அளவையும் எழுதிக்கொண்டு, கூடவே இருந்து கண்ட ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் இரண்டாவது வைத்தியர் சொல்லும்வரை, நடப்பிலுள்ள மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது. பயணத்துக்கு வழியில்லாதவர்கள் 14416 என்ற எண்ணில் டெலி மனஸ் மனநல ஆலோசனைச் சேவையை எந்நேரமும் இலவசமாக அழைத்து, தமிழிலேயே பேசலாம்.