கல்லும் குரலும்: இசையின் தோற்றம் குறித்துச் சில சிந்தனைகள்

சேர்வராயன் மலையின் மீது, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஏற்காட்டைக் காப்பித் தோட்டங்களுக்காகவும் குளிர்ந்த காற்றுக்காகவும் அறிந்தோர் பலர். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை எனப் போற்றப்படும் இராபர்ட் புரூஸ் ஃபூட் தமது முதுமைக் காலத்தை இங்குக் கழித்தார் என்பதையும், 1912இல் அவர் மறைந்தபின் அவரது அஸ்தி இங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றது என்பதையும் அறிந்தோர் சிலரே. 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அவர், சேர்வராயன் மலையிலிருந்தும் புதிய கற்காலத்து வழவழப்பான கற்கோடரிகளைத் திரட்டினார். அத்தகைய கற்களை மலைவாழ் மக்களான மலையாளிகள் தம் சிறு கோயில்களில் வைத்துப் போற்றி வந்தனர்.

அக்கோடரிகளைக் காணும்போது நம் உள்ளத்தில் ஒரு வினா எழுகிறது. இவற்றைக் கொண்டு மரம் வெட்டிய மனிதன் பாடினானா? இசையை மனிதன் எப்போது, எவ்வாறு கண்டறிந்தான்?

விடை காண்பது எளிதன்று. ஒலி எழுந்தவுடன் மறைந்துவிடுகிறது. பாடிய தொண்டையும் தட்டிய கைகளும் மண்ணாகிவிடுகின்றன. தோற்கருவியும் மூங்கிற்குழலும் மட்கிப் போகின்றன. எஞ்சுபவை எலும்பும் கல்லுமே. ஆகவே, நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய இசைக்கருவி மனிதனின் முதல் இசைக்கருவியாகத்தான் இருக்க வேண்டும் என்று கொள்வது பொருந்தாது.

2008இல் தென் ஜெர்மனியின் ஹோலே ஃபெல்ஸ் குகையில் பிணந்தின்னிக் கழுகின் எலும்பாலான குழல் ஒன்று கிடைத்தது. ஐந்து துளைகள் கொண்ட அதன் வயது குறைந்தது 35,000 ஆண்டுகள். சீனாவின் ஜியாஹு என்னும் ஊரில் கிடைத்த, கொக்கின எலும்பாலான குழல்கள் ஏழாயிரம் முதல் ஒன்பதாயிரம் ஆண்டுகள் பழமையானவை. அளவறிந்து துளையிடப்பட்ட ஒரு குழல் தொடக்க நிலையைக் காட்டுவதன்று. அதற்கு முன் நெடுங்காலப் பயிற்சி இருந்தது என்பதற்கே அது சான்றாகும்.

கல்லிலும் சான்று உண்டு. கர்நாடக மாநிலம் பெல்லாரிக்கு அருகிலுள்ள குப்கல் குன்றுப் பகுதியும் ஃபூட் ஆராய்ந்த நிலமே. அங்குள்ள கரும்பாறைகளில் புதிய கற்கால மக்கள் உருவங்களைச் செதுக்கியுள்ளனர். அவற்றுள் சில பாறைகளைத் தட்டினால் மணியோசை போன்ற ஒலி எழுகிறது. பன்முறை தட்டியதால் தேய்ந்த குழிகளும் அவற்றில் உள்ளன. 2004இல் ஆய்வாளர் நிக்கோல் போய்வின் இவற்றை விரிவாக எடுத்துரைத்தார். கல்லைக் கொத்துபவன் அதன் ஒலியையும் கேட்கிறான். பழுதற்ற கல் கணீரென ஒலிக்கும். விரிசல் கண்ட கல்லின் ஓசை மழுங்கும். நம் நாட்டுச் சிற்பிகள் இன்றும் ஒலியைக் கொண்டே ஆண்கல், பெண்கல், அலிக்கல் எனப் பிரித்தறிவர். சேர்வராயன் மலையில் கோடரி செய்தவனுக்கும் இச்செவியறிவு இருந்திருத்தல் வேண்டும் எனக் கருதுவது மிகையாகாது. எனினும் ஒலியை அறிதல் வேறு, இசைத்தல் வேறு. கோடரியை மட்டும் கொண்டு அவன் இசைத்தான் என்று முடிவு கட்ட இயலாது.

முன்னோரின் நூல்கள் வேறு வழிகளைக் காட்டுகின்றன. வரலாற்றாசிரியர் மஸ்ஊதி தமது 'முரூஜுத் தஹப்' நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். முளர் இப்னு நிஸார் என்பவர் ஒட்டகத்திலிருந்து விழுந்து கை முறிந்து, வலி தாளாது குரலெழுப்பினார். அவரது இனிய குரலுக்கு ஒட்டகங்கள் வேகம் கொண்டன. ஒட்டகமோட்டிகளின் 'ஹுதா' பாடல் அதிலிருந்து பிறந்தது என்பதே அச்செய்தி. சங்க இலக்கியமான அகநானூற்றின் 82ஆம் பாடலில், மூங்கிலின் துளைகளில் புகும் கோடைக்காற்று குழலிசையாகிறது. பெரும்பாணாற்றுப்படையில் இடையன் தீக்கடைகோலால் துளையிட்டுக் குழல் செய்கிறான். பின்பு குமிழ மரக்கொம்பில் மரல் நாரைக் கட்டி வில்யாழும் அமைக்கிறான். கிரேக்கர்களோ, கொல்லனின் சம்மட்டி ஓசையிலிருந்து பிதாகரஸ் சுர விகிதங்களைக் கண்டார் என்பர். சம்மட்டியின் எடைக்கும் ஓசைக்கும் அத்தகைய விகிதம் இல்லை என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. ஆயினும் நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் சுரம் மேல் எட்டாவதற்கு உயரும் என்பது உண்மையே.

இக்கதைகளை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் ஓர் உற்றுநோக்கல் உண்டு. வலியும் உழைப்பும் குரலை இசையாக்குகின்றன. இயற்கை முன்மாதிரி தருகிறது. கைத்தொழில் கருவி தருகிறது. இவற்றுள் முந்தியது எது? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் இதற்கு ஒரு தெளிவு தருகிறார்கள். ஒலிகளின் மூலம் உயிரினங்களின் தொண்டையே. குழல்கள் அதைப் பின்பற்றி அமைந்தவை. மனிதனின் கைவினை படைப்பைப் பார்த்துச் செய்த படியே என்பது அவர்களின் கருத்து. ஹிஜ்ரி 339இல் மறைந்த ஃபாராபியும், இசையின் செயல்முறை முன்னது, அதன் இலக்கணம் பின்னது என நிறுவினார். கோள்கள் இசைக்கின்றன என்ற பழங்கொள்கையையும் அவர் ஏற்கவில்லை. 1871இல் டார்வினும் மனிதனின் இசைக்குரல் பேச்சுக்கும் முந்தியதாகலாம் எனக் கருதினார். நோக்கால் வேறுபட்ட இவர்கள், கருவியை விடுத்து மனித இயல்பிலேயே தொடக்கத்தைத் தேடினர் என்பது நோக்கத்தக்கது.

இசை கேட்பதன் சட்டநிலை குறித்து நம் அறிஞர்களிடையே நெடிய கருத்து வேறுபாடு உண்டு. அது தனி ஆய்வுக்குரியது. தோற்றம் பற்றிய இவ்வினா அதனைத் தீர்த்து வைப்பதன்று. அதன் பொருட்டு இவ்வினாவைத் தவிர்க்க வேண்டியதும் இல்லை. ஹுதாவையும் கழுகெலும்புக் குழலையும் ஒருங்கே வைத்து எண்ணுவது மனிதனை அறிவதன் ஒரு பகுதியாகும்.

ஆயின் அவ்வறிவுக்குரிய சான்றுகள் அழிந்து வருகின்றன. குப்கல் பாறைகளைக் கல்லுடைப்புத் தொழில் அச்சுறுத்துவதை 2004ஆம் ஆண்டின் ஆய்வே சுட்டிக்காட்டியது. ஃபூட் தாம் திரட்டிய கருவிகளுக்குக் கிடைத்த இடத்தையும் குறித்து வைத்தார். சென்னை அருங்காட்சியகத்தில் சேர்ந்த அவரது தொகுப்பின் மதிப்பு அக்குறிப்புகளாலேயே நிலைக்கிறது. இடம் தெரியாத கல் வெறும் கல்லே. ஏற்காட்டுக்குச் செல்வோர் தோட்டத்து மண்ணில் வழவழப்பான கூர்ங்கல் ஒன்றைக் காண நேர்ந்தால், அதை நினைவுப் பொருளாக எடுத்து வராமல், கிடந்த இடத்திலேயே விட்டுத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பதே தக்கது.