கசியும் காற்று

மோட்டார் வாகனத்தின் பலம் பெட்ரோலில் இருக்கிறது என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் ஒரு பங்கு பெட்ரோல் பூரணமாக எரிவதற்கு எடையளவில் அதைப்போல் ஏறக்குறைய 14.7 மடங்கு காற்று வேண்டியிருப்பதால், யந்திரத்தின் சக்தியை நிர்ணயிப்பது உண்மையில் அது உட்கொள்ளும் காற்றின் அளவுதான். இந்தத் தத்துவத்தை ஆதாரமாகக் கொண்டே, ஸ்விட்சர்லாந்து தேசத்து எஞ்சினியராகிய ஆல்ஃபிரெட் பூஹி, யந்திரம் வெளியே தள்ளும் புகையைக்கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதன் பலத்தால் வெளிக்காற்றை அமுக்கி உள்ளே செலுத்தும் உபாயத்துக்கு 1905-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். வீணாகப் போகும் புகையிலிருந்து பலத்தை மீட்டெடுக்கும் அந்தச் சாதனத்தையே இன்று டர்போ என்று அழைக்கிறோம்.

அமுக்கப்பட்ட காற்றோ எங்கே வழி கிடைக்கும் என்று தேடிக்கொண்டே இருப்பது. டர்போவிலிருந்து சிலிண்டர் வரையில் உள்ள பாதையில் ரப்பர் ஹோஸ்களும் அவற்றை இறுக்கும் கிளாம்புகளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் இருக்கின்றன. இவற்றில் ஒன்று கிழிந்தாலோ கழன்றாலோ எளிதில் கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாமல் வருஷக் கணக்கில் கசியக்கூடிய இடம் த்ராட்டில் பாடி. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து நார்மல் என்ற ஊரில், மிட்சுபிஷியும் கிரைஸ்லரும் கூட்டாக நிறுவிய டயமண்ட்-ஸ்டார் தொழிற்சாலையிலிருந்து 1990-ஆம் ஆண்டு மாடலாக வெளிவரத் தொடங்கிய எக்ளிப்ஸ், டாலன் ஆகிய கார்களின் டர்போ வகைகளில் 4ஜி63 என்னும் இரண்டு லிட்டர் யந்திரம் இருந்தது. அவற்றை இன்றும் பிரியத்தோடு பராமரித்து வருபவர்களுக்கு இந்தக் கசிவு மிகவும் பரிச்சயமான நோய்.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது கேபிளால் இழுக்கப்பட்டுத் திரும்பிக் காற்றுக்கு வழிவிடும் வட்டத் தகடுதான் த்ராட்டில். அந்தத் தகட்டைத் தாங்கும் தண்டு, அலுமினியச் சுவர்களை இரு புறமும் துளைத்துக்கொண்டு வெளியே நீண்டு, ஒரு முனையில் கேபிள் சக்கரத்தையும் மறுமுனையில் தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டருக்கு அறிவிக்கும் சென்சாரையும் சுமந்து நிற்கிறது. தண்டு தாராளமாகச் சுழல வேண்டுமாதலால் துளையில் சிறிது இடைவெளி இருந்தே தீரும். அந்த இடைவெளியை அடைத்து நிற்பவை இரண்டு சிறு ரப்பர் சீல்களே. யந்திரத்தின் உஷ்ணத்திலும் எண்ணெய் ஆவியிலும் அவை நாளடைவில் இறுகிச் சுருங்கிவிடுகின்றன.

இந்தச் சிறு துவாரம் உண்டாக்கும் விளைவுதான் மிகவும் ஆராயத்தக்கது. இக்கார்களில் உள்ளே வரும் காற்றை அளக்கும் கருவி ஏர் ஃபில்டரை ஒட்டி, டர்போவுக்கும் முன்னாலேயே அமைந்திருக்கிறது. காற்றோட்டத்துக்குக் குறுக்கே வைத்த தடையின் பின்னால் எழும் சுழல்களை, காதுக்குக் கேளாத ஒலியலைகளைக்கொண்டு எண்ணும் அக்கருவி சொல்வதை நம்பியே கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடுகிறது. வண்டி நிற்க, யந்திரம் மட்டும் மெதுவாக ஓடும்போது, த்ராட்டிலுக்கு அப்பால் உள்ள அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவாக இருப்பதால், வெளிக்காற்று அந்தத் துவாரத்தின் வழியே கணக்கில் சேராமல் உள்ளே நுழைந்துவிடுகிறது. எரிகலவையில் பெட்ரோல் குறைந்து, ஓட்டம் ஏறியும் இறங்கியும் தடுமாறுகிறது. அதே வண்டியை விரைவாகச் செலுத்தி டர்போ வேலை செய்யத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது: அளக்கப்பட்ட காற்று அதே துவாரத்தின் வழியே வெளியேறிவிட, இல்லாத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் தெளிக்கப்பட்டு, சைலன்சரில் கரும்புகை எழ, வேகம் மட்டும் எழுவதில்லை. ஒரே பழுது ஒரு சமயம் பெட்ரோல் குறைவாகவும் மறு சமயம் மிகுதியாகவும் தோன்றுவதால், நல்ல ஸ்பார்க் பிளக்குகளும் நல்ல சென்சார்களும் காரணமின்றி மாற்றப்படுகின்றன என்பது வருந்தத்தக்கது.

அதைவிட விபரீதமானது, பலம் குறைந்துவிட்டதென்று டர்போவின் அழுத்தத்தை உயர்த்திவிடுவது. கசிந்துபோவதையும் ஈடுசெய்வதற்காக டர்போ முன்னிலும் வேகமாகச் சுழன்று, காற்றை அதிகமாகச் சூடாக்கி, தன் ஆயுளையும் குறைத்துக்கொள்கிறது.

கசிவைக் கண்டுபிடிக்கும் முறை எளியது. யந்திரத்தை நிறுத்தி, டர்போவின் வாய்க்கு வரும் குழாயைக் கழற்றி, அவ்விடத்தில் டயர் வால்வு பதித்த பி.வி.சி. மூடியொன்றை இறுகப் பொருத்தி, கம்ப்ரஸரிலிருந்து காற்றைச் சிறிது சிறிதாகச் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு வரையில் ஏற்ற வேண்டும். மூடி பிய்த்துக்கொண்டு வந்தால் அபாயமாதலால் அதற்கு நேரே நிற்கலாகாது. பிறகு, சைக்கிள் கடையில் ட்யூபைத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்ப்பது போல, தண்டின் இரு முனைகளிலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் குமிழிகள் உண்மையைச் சொல்லிவிடும். எண்ணெய் ஊற்றும் வாயில் மெல்லிய இரைச்சல் கேட்கலாம். திறந்திருக்கும் வால்வின் வழியே சிலிண்டருக்குள் புகுந்த காற்று பிஸ்டன் வளையங்களைக் கடந்து வருவது அது. அதை நோயென்று கருத வேண்டியதில்லை.

பழுது பார்ப்பதில்தான் பொறுமை வேண்டும். தகட்டைத் தண்டோடு பிணைக்கும் இரண்டு சிறு திருகுகள் கழன்றுவிடாதபடி அவற்றின் முனைகள் நசுக்கப்பட்டிருக்கும். அந்த முனைகளை முதலில் அரத்தால் ராவாமல் திருகினால் தண்டின் மரையே கெட்டுவிடும். தகடு பூரண வட்டமன்று. ஓரங்களும் சாய்வாகக் கடையப்பட்டவை. ஆகவே எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று முன்கூட்டியே குறியிட்டுக்கொள்வது அவசியம். பழைய சீல்களைச் சுவரில் கீறல் விழாமல் நெம்பி எடுத்து, துளையைச் சுத்தம் செய்து, புதியவற்றை அமர்த்தி, திருகுகளை மரைப் பசையிட்டு முடுக்க வேண்டும். திருகு ஒன்று கழன்று சிலிண்டருக்குள் விழுந்தால் யந்திரமே நாசமாகும் என்பதால் இதில் அலட்சியத்துக்கு இடமே இல்லை. துளையே தேய்ந்து தண்டு ஆட்டம் கண்டிருந்தால், புதிய சீல் அதிக நாள் நிலைக்காது. புஷ் அடிக்கவோ வேறு த்ராட்டில் பாடியைத் தேடவோதான் வேண்டும்.

யந்திரத்தின் மெதுவான ஓட்டத்தைச் சீராக்கும் ஐடில் திருகின் ஓ-ரிங்கையும், த்ராட்டில் பாடிக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையிலுள்ள கேஸ்கட்டையும் கையோடு மாற்றிவிட்டு, சென்சாரை அதன் பழைய ஸ்தானத்தில் சரிபார்த்து நிறுத்திய பின், மறுபடியும் அதே மூடியைப் பொருத்திக் காற்றை ஏற்றிப் பார்க்க வேண்டும். பெரிய கசிவு அடைபட்டதும், அதுவரையில் அதன் இரைச்சலில் அமுங்கிக் கிடந்த சிறு கசிவுகள், இன்ஜெக்டர்களின் அடியிலுள்ள ரப்பர் வளையங்களிலோ இன்டர்கூலர் ஹோஸ்களின் மூட்டுகளிலோ, அப்போதுதான் வெளிப்படும்.