திக்கித் திக்கிப் பாடும் பெட்டி
வீட்டுக்குள் கணினி – 9

குறுந்தகடுகளிலிருந்து பெயர்த்தெடுத்த பாடல்களை ஓரிடத்தில் சேமித்து வைத்து, கூடத்திலும் படுக்கையறையிலும் உள்ள ஒலிப்பான்களுக்கு வலையமைப்பின் வழியே அனுப்பும் கணினிக்கு இசை வழங்கி என்று பெயர். பேச்சு வழக்கில் இது மியூசிக் சர்வர். இந்த ஏற்பாட்டை வீடுகளுக்குள் கொண்டுவந்ததில், கலிஃபோர்னியாவில் ஷான் ஆடம்ஸ் 2000-இல் தொடங்கிய ஸ்லிம் டிவைசஸ் என்னும் சிறு நிறுவனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2003-இல் வெளிவந்த அதன் ஸ்குவீஸ்பாக்ஸ் என்னும் ஒலிப்பான் இசை ஆர்வலரிடையே பெயர் பெற்றது. 2006-இல் லாஜிடெக் அந்நிறுவனத்தை 2 கோடி டாலருக்கு வாங்கியது. 2012-இல் அக்கருவிகளின் வரிசையையே நிறுத்திவிட்டது. ஆயினும் வழங்கியில் ஓடும் மென்பொருள் திறமூலமாக, அதாவது எவரும் படித்துத் திருத்தக்கூடிய நிரலாக, இருந்தமையால் தன்னார்வலர்கள் அதைக் கைவிடவில்லை. லிரியான் மியூசிக் சர்வர் என்னும் பெயரில் அது இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. 2024-இல் லாஜிடெக்கின் இணையச் சேவை மூடப்பட்டபோது, வீட்டில் வழங்கி இல்லாமல் அச்சேவையை மட்டும் நம்பியிருந்த கருவிகளே முடங்கின. சொந்தமாக வழங்கி வைத்திருந்தவர்களின் பாட்டு நிற்கவில்லை.

இவ்வாறு பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய வழங்கி ஒருநாள் திக்கத் தொடங்கும்போது, உரிமையாளர் பெரும்பாலும் முதலில் வைஃபையைச் சந்தேகித்துப் புதிய ரௌட்டர் வாங்குகிறார். அது பெரும்பாலும் வீண் செலவு. வன்தட்டு தேய்ந்தாலும், மின் அடாப்டர் தளர்ந்தாலும், அலைவரிசையில் நெரிசல் ஏற்பட்டாலும் காதுக்குக் கேட்பது ஒரே வகைத் தடங்கல்தான் என்பதால், எதையும் மாற்றுவதற்கு முன் பழுது எந்த அடுக்கில் உள்ளது என்று பிரித்தறிவதே முதல் வேலை.

அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரே பாடலை மூன்று முறை இசைக்கவிட வேண்டும்: ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தடுமாறினால் கோப்போ, அக்கோப்பு பதிந்துள்ள வன்தட்டின் பகுதியோ கெட்டிருக்கிறது, வெவ்வேறு இடங்களில் தடுமாறினால் வலையமைப்பின் மீது ஐயம் கொள்ளலாம். அடுத்து இணைய வானொலி ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். வானொலி சீராக ஒலித்து, வீட்டுச் சேமிப்பிலுள்ள பாடல்கள் மட்டும் திக்கினால், இரண்டும் கடைசியில் ஒரே வைஃபை வழியாகவே ஒலிப்பானை அடைவதால், குறை வழங்கியின் பக்கம் இருக்கவே வாய்ப்பு அதிகம். இங்கே ஓர் எளிய கணக்கு உதவும். குறுந்தகட்டின் ஒலி, நொடிக்கு 44,100 முறை, 16 பிட் நுணுக்கத்தில், இடம் வலம் என இரண்டு தடங்களில் அளந்து பதியப்பட்டது. பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 14 லட்சம் பிட். ஸ்குவீஸ்பாக்ஸின் காலத்துப் பழைய வைஃபையின் பெயரளவு வேகமோ நொடிக்கு 540 லட்சம் பிட். நடைமுறையில் அதில் பாதிக்கும் குறைவாகவே கிடைத்தாலும் பாட்டுக்கு அது தாராளம். எனவே வைஃபை உண்மையிலேயே காரணமாக இருந்தாலும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை அண்டை வீட்டு ரௌட்டர்களும் மைக்ரோவேவ் அடுப்பும் பகிர்ந்துகொள்வதால் எழும் குறுக்கீடே பொதுவாக அங்கு சிக்கல். அதற்கு மருந்து வேறு சேனலுக்கு மாறுவது, அல்லது ஒரு கேபிளை இழுத்து முடிப்பது.

வன்தட்டின் பக்கம் ஐயம் திரும்பினால், அது தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் என்னும் குறிப்பேட்டைப் படிக்க வேண்டும். அதில் பல வரிகள் இருந்தாலும் மூன்று போதும். 5-ஆம் எண் வரி, கெட்டுப்போனதால் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. 197-ஆம் வரி, படிக்க முடியாமல் முடிவு நிலுவையில் நிற்கும் பகுதிகளின் எண்ணிக்கை. 199-ஆம் வரி, தகவல் போகும் வழியில் நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை. கடைசி வரி மட்டும் ஏறிக்கொண்டே போனால் தட்டு நலமாக இருந்து கேபிள் மட்டும் கெட்டிருக்கலாம்; சில நூறு ரூபாயில் தீரும் காரியம் அது. 197-ஆம் வரியில் சுழியம் அல்லாத எண் தெரிந்தால் மட்டும், கோப்பு முறைமையைச் சரிசெய்யும் நிரல்களை ஓடவிடாமல் முதலில் நகலெடுக்க வேண்டும். ஏனெனில் அந்நிரல்கள் சாகும் தறுவாயிலுள்ள தட்டில் எழுதவும் தேடவும் தொடங்கி, எஞ்சியதையும் கெடுத்துவிடக்கூடும். இதற்கென்றே உள்ள க்னூ டிடிரெஸ்க்யூ என்னும் இலவச நிரல், எளிதில் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் பகுதிகளைக் கடைசியில் மீண்டும் மீண்டும் முயன்று பார்க்கிறது.

நகலெடுத்த பின் எந்தப் பாடல் பிழைத்தது, எது சிதைந்தது என்று ஆயிரக்கணக்கான பாடல்களைக் கேட்டுத் தீர்ப்பது இயலாது. பாடல்களை ஃபிளாக் வடிவில் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு நன்மை உண்டு. 2001-இல் வெளிவந்த இவ்வடிவம் ஒலியில் ஒரு பிட்டையும் இழக்காமல் கோப்பைச் சுருக்குவதோடு, மூல ஒலியிலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு எண்ணையும் கோப்பின் தலைப்பகுதியில் பதிந்து வைக்கிறது. சோதனைக் கட்டளையைக் கொடுத்தால் பாடல் முழுவதும் விரிக்கப்பட்டு, கிடைத்த எண்ணும் பதிந்த எண்ணும் ஒப்பிடப்படுகின்றன. பொருந்தாதவற்றை மட்டும் குறுந்தகட்டிலிருந்து மறுபடி எடுத்தால் போதும். எம்பி3 கோப்புகளில் இத்தகைய உறுதிச் சான்று இல்லை.

விசித்திரமாகத் தோன்றும் இன்னொரு பழுது உண்டு. சொந்தப் பாடல்கள் ஒழுங்காக ஒலிக்க, மின்வெட்டு ஒன்றுக்குப் பின் இணைய வானொலிகள் மட்டும் மௌனமாகிவிடும். தாய்ப்பலகையில் நாணயம் அளவில் இருக்கும் 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வந்ததும் கணினியின் கடிகாரம் பழைய ஆண்டு ஒன்றுக்குத் திரும்பிவிடுகிறது. பாதுகாப்பான இணையத் தொடர்புக்குத் தளங்கள் காட்டும் சான்றிதழ்கள் இன்னும் நடப்புக்கே வரவில்லை என்று கணினி முடிவுகட்டி, தொடர்பை மறுக்கிறது. அதேபோல, இயங்கத் தொடங்கிச் சில நொடிகளில் தானாகவே அணைந்து மீளும் பெட்டியில், வன்தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் கேட்கும் மின்னோட்டத்தைக் கொடுக்க முடியாத பழைய அடாப்டரே பலமுறை குற்றவாளி. மாற்று அடாப்டரின் வோல்ட்டும் முனைகளின் திசையும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

பழுதே இல்லாமல் பழுதுபோல் தோன்றுவதும் நிகழ்கிறது. கோப்புகளைப் பகிர எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பை மட்டுமே அறிந்த பழைய சேமிப்புப் பெட்டிகள், புதிய கணினிகளின் கண்ணுக்குத் தெரிவதில்லை. 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்னும் தீநிரல் அப்பதிப்பின் ஓட்டை வழியாக உலகெங்கும் பரவியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலும், 2019-இல் கோப்புப் பகிர்வு மென்பொருளான சாம்பாவின் 4.11-இலும் எஸ்எம்பியின் அந்த முதல் பதிப்பு இயல்பாகவே நீக்கப்பட்டோ அணைக்கப்பட்டோ விட்டது. ஒரு பெட்டிக்காக அந்தக் கதவை வீடு முழுவதற்கும் திறந்துவிடும்படி சிலர் யோசனை கூறுவதுண்டு. அதை ஏற்கக் கூடாது. பெட்டிக்கு ஓய்வு கொடுத்து அனுப்ப அதுவே போதிய காரணம்.

மாற்றாக விலையுயர்ந்த கணினி தேவையில்லை. பாடல்களை அனுப்புவது எளிய வேலை. கோப்புகளைத் துருவிப் பட்டியலிடுவதுதான் செயலிக்குச் சுமை. அதற்கு 2019-இல் வந்த ராஸ்ப்பெரி பை 4 போன்ற உள்ளங்கையளவுப் பலகையே போதும். பட்டியல் மட்டும் எஸ்எஸ்டியில் இருந்தால் தேடல் விரைவாகும், பாடல்கள் சாதாரண வன்தட்டிலேயே கிடக்கலாம். புதிய வழங்கியால் ஒலித்தரம் கூடும் என்னும் விளம்பரம் நம்பத்தக்கதன்று. அதே பிட்டுகள் அதே ஒலிப்பானைத்தான் சென்றடைகின்றன.

தமிழ்ப் பாடல்கள் வைத்திருப்போர்க்கு இடமாற்றத்தில் ஒரு தனித் தொல்லை காத்திருக்கிறது. எம்பி3 கோப்பின் பழைய குறிப்பு வடிவம் பாடல் தலைப்புக்கு 30 பைட்டுகள் மட்டுமே ஒதுக்கியது. எந்த எழுத்துக்குறியாக்கம் என்பதையும் அது சொல்வதில்லை. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டுகள் வேண்டும் என்பதால் பத்துக் குறிகளோடு தலைப்பு அறுந்துபோகும்; டிஸ்கி போன்ற பழைய முறைகளில் எழுதப்பட்டவையோ புதிய திரையில் பொருளற்ற கிறுக்கல்களாக நிற்கும். இவற்றைப் புதிய குறிப்பு வடிவத்தில் யூனிகோடாக மாற்றும் வேலையை இடமாற்றத்துக்கு முன்பே முடிப்பது நல்லது; ஏனெனில் கோப்புறையின் பெயரும் குறிப்பும் சேர்ந்தே கிறுக்கலானால், எது எந்தப் படப்பாடல் என்று கேட்டறிவதைத் தவிர வேறு வழி இருக்காது.

எல்லாம் முடிந்து புதிய வழங்கி பாடத் தொடங்கிய பின்னும், சரிபார்ப்பு எண்கள் அனைத்தும் பொருந்தி, இரண்டாவது நகல் ஒன்று வேறொரு தட்டில் ஏறும்வரை, பழைய வன்தட்டை அழிக்கவோ பழைய இரும்புக் கடைக்குப் போடவோ வேண்டாம்.