பாகுப் பதத்தில் பிறந்த நிறங்கள்

எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவாமையை, புதுச்சேரியின் வட எல்லையையொட்டிய கனகசெட்டிக்குளத்தின் கரையில், படகு எஞ்சினிலிருந்து சொட்டிய டீசல் தேங்கிய நீரின்மேல் படலமாக மிதப்பதைக் காணும் எவரும் அறிவர். மூனிக்கில் அலாய்ஸ் செனஃபெல்டர் 1796 வாக்கில் கண்டறிந்த கல்லச்சு முறைக்கு இந்த ஒவ்வாமையே அடிப்படை. ஆனால் எண்ணெய் மையும் எண்ணெய் மையுமே ஒட்டாமல் விலகக்கூடும் என்பது அவ்வளவு எளிதில் கண்ணில் படுவதில்லை. அந்த விலகலை ஓவியக் கருவியாக்கியவர்களுள் முதன்மையானவர், சித்தூர் வட்டாரத்தில் பிறந்த கிருஷ்ணா ரெட்டி (1925–2018). சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்று, 1947 முதல் 1949 வரை சென்னைக் கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்த அவர், 1950களில் பாரிசில் ஸ்டான்லி வில்லியம் ஹெய்ட்டரின் ‘அட்டெலியே 17’ பட்டறையில், பம்பாயிலிருந்து வந்த கைக்கோ மோத்தியுடன் சேர்ந்து இம்முறையை உருவாக்கினார்.

வழக்கமான பல நிற அச்சில் நிறத்துக்கொரு தகடு வேண்டும். தாள் மயிரிழை நகர்ந்தாலும் படம் கெடும். ரெட்டியின் முறையிலோ தகடு ஒன்றே. அமிலத்தால் அரித்தும் உளியால் செதுக்கியும் அதில் மேடும் பள்ளமுமாகப் பல மட்டங்கள் அமைக்கப்பட்டு, ஆழ்ந்த கோடுகளில் முதல் மை தேய்க்கப்படுகிறது. பின்னர், ஆளிவிதை எண்ணெய் மிகுதியாகக் கலந்து நெகிழ்ந்த மையைத் தாங்கிய கடின உருளை மேட்டை மட்டும் தொட்டுச் செல்ல, இறுகிய மையைத் தாங்கிய மென்மையான உருளை அழுந்திப் பள்ளத்துக்கும் இறங்குகிறது. மேட்டிலுள்ள எண்ணெய்ப் படலம் எளிதில் பிளந்துவிடுவதால் இறுகிய மை அங்கே பற்றாமல் உருளையிலேயே தங்கிவிடும்; வரிசையை மாற்றினாலோ இரண்டும் ஒட்டிக் கலந்துவிடும். நெகிழ்ந்த மையையும் இறுகிய மையையும் வேறுபடுத்துவது, ஓடுவதற்குப் பாய்மம் தன்னுள்ளேயே காட்டும் எதிர்ப்பான பாகுநிலை. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுபவர் கரண்டியிலிருந்து விழும் துளியைப் பார்ப்பதுபோல, அச்சுக் கலைஞரும் கத்தியிலிருந்து வழியும் மையைப் பார்த்தே பதம் அறிகிறார் என்பதால், இத்தமிழ்க் கலைச்சொல் ‘விஸ்காசிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லைவிடப் பொருத்தமானது எனலாம்.

சிற்பப் பயிற்சியும் பெற்றிருந்த ரெட்டி, தகட்டைச் சிறு சிற்பமாகவே கருதி, மின்விசைக் கருவிகளாலும் அதைக் குடைந்தார். அவரது 1963ஆம் ஆண்டுப் படைப்பான ‘சுழல்’ நீர்ச்சுழியா, விண்மீன் திரளா என்று காண்பவரை மயங்க வைக்கிறது. இயற்கையின் எல்லா அளவுகளிலும் ஒரே இயக்கம் உண்டெனும் கருத்துக்கு அதுவே குறியீடு.

தேவகோட்டையில் 1957இல், அதாவது ஸ்புட்னிக் ஏவப்பட்ட ஆண்டில், பிறந்த அச்சுக் கலைஞர் ஆர். எம். பழனியப்பன் வேறு திசையில் சென்றார். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் பயின்று, 1991இல் அமெரிக்காவின் டாமரிண்ட் நிறுவனத்தில் கல்லச்சில் உயர்பயிற்சி பெற்ற அவரது அச்சுகளில் கணிதமும் விண்வெளியும் குறியீடுகளாகின்றன. பறக்கும் பொருள் வானில் விட்டுச்செல்லும் கண்ணுக்குத் தெரியாத பாதை, அங்கே தாளின்மேல் ஒற்றைக் கோடாக வந்து படிகிறது.